பெட்டிக்குள் கிடந்த படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் ஊடகங்கள் ஆற்றிய பங்கு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் தொடங்கி ஏறத்தாழ செல்மாவிலேயே முடித்துவிட்டார் என்பதுதான் என் குறை. 1965 மார்ச் 7 அன்று அங்குள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வந்தவர்களைக் காவல் படையினர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கிய காட்சியை, ஓடிக்கொண்டிருந்த திரைப்படத்தை இடையில் நிறுத்தி ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானதும் உண்மையே. ஆனால் கேமரா வந்தது, நீதி கிடைத்தது என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ள அக்கட்டுரை இடம் கொடுக்கிறது. அந்தக் கேமரா வருவதற்கு வெகு காலம் முன்பே அடிபட்டுக்கொண்டு எழுதியவர்கள் இருந்தார்கள். அது படம்பிடித்ததைச் சொந்த ஊரிலேயே மறைத்தவர்களும் பத்திரிகைக்காரர்கள்தான்.

முன்னவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்களுக்காகப் பிறர் பேசியது போதும், எங்கள் வழக்கை நாங்களே எடுத்துரைக்கிறோம் என்ற அறிவிப்போடு 1827-இல் நியூயார்க்கில் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' தொடங்கப்பட்டது. மெம்ஃபிஸ் நகரில் 1892-இல் மளிகைக் கடை ஒன்றைச் சேர்ந்த கறுப்பினத்தவர் மூவரை ஒரு வெள்ளையர் கும்பல் கொன்றபின், இத்தகைய கொலைகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் வெறும் சாக்கு என்று எழுதியதற்காகக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. அப்போது வெளியூரில் இருந்ததால் அவர் தப்பினார். 1931-இல் மறைந்த அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது 2020-இல்தான் வழங்கப்பட்டது. பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில் 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது, மகனுக்கு நேர்ந்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னார் தாய் மேமி டில். சிதைந்த அந்த முகத்தின் படத்தை அச்சிட்டவை 'ஜெட்' போன்ற கறுப்பினத்தவர் இதழ்களே.

1957 செப்டம்பர் 23 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளையர் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் வருவதாக இருந்த காலை அது. செய்தி சேகரிக்க வந்த நான்கு கறுப்பினப் பத்திரிகையாளர்களைப் பள்ளிக்கு வெளியே திரண்டிருந்த கும்பல் சூழ்ந்துகொண்டது. அவர்களில் ஒருவர் மெம்ஃபிஸ் 'ட்ரை-ஸ்டேட் டிஃபெண்டர்' ஆசிரியர் அலெக்ஸ் வில்சன். இளம் வயதில் ஒருமுறை வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் கும்பலுக்கு அஞ்சி ஓடியவர், இனி ஓடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். உதைத்தார்கள், முதுகில் ஏறித் தாக்கினார்கள். கீழே விழுந்த தொப்பியை எடுத்து, அதன் மடிப்பைக் கையால் நீவிச் சரிசெய்துகொண்டு, அவர் நடந்தார், ஓடவில்லை. கும்பலின் கவனமெல்லாம் இவர்கள் மீது இருந்த நேரத்தில் மாணவர்கள் பக்கவாட்டு வாயில் வழியாகப் பள்ளிக்குள் போய்விட்டார்கள். மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மாணவர்களின் பாதுகாப்புக்கு ராணுவத்தை அனுப்பினார். வில்சன் 1960-இல் காலமானார். அம்மாணவர்களுக்குத் துணைநின்ற டெய்சி பேட்ஸும் அவர் கணவரும் நடத்திய 'ஆர்கன்சா ஸ்டேட் பிரஸ்', விளம்பரதாரர்கள் கைவிட்டதால் 1959-இல் நின்றுபோனது.

படம்பிடித்ததை மறைத்த பின்னவர்களுக்கு வருகிறேன். அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1963 மே 3 அன்று காவல் நாய் ஓர் இளைஞன் மீது பாயும் படத்தை 'நியூயார்க் டைம்ஸ்' மறுநாள் முதல் பக்கத்தில் வெளியிட்டது. உள்ளூரின் 'பர்மிங்ஹாம் நியூஸ்' அந்த நாட்களின் போராட்டச் செய்திகளை உள்பக்கங்களுக்குத் தள்ளியது. அதன் புகைப்படக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எடுத்தார்கள், பல படங்கள் அச்சேறவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் அலுவலகத்தின் பொருள் வைப்பறையில், 'வைத்திருக்கவும், விற்க வேண்டாம்' என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கான பட நெகட்டிவ்களைப் பயிற்சிப் பணியாளர் ஒருவர் கண்டெடுத்தார். 2006-இல்தான் அப்பத்திரிகை அவற்றில் சிலவற்றை வெளியிட்டது.

தொலைக்காட்சியும் இதற்கு விலக்கல்ல. மிசிசிப்பியின் ஜாக்சன் நகர நிலையமான டபிள்யூஎல்பிடி, 1955-இல் கறுப்பின உரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒளிபரப்பைத் துண்டித்து, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அட்டையைத் திரையில் காட்டியது. இந்நிலையத்தின் போக்குக்கு எதிராகப் பார்வையாளர்கள் தொடுத்த வழக்கில், உரிமம் வழங்கும் விசாரணையில் அவர்களுக்கும் இடமுண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966-இல் தீர்ப்பளித்தது. 1969-இல் உரிமப் புதுப்பிப்பையே ரத்து செய்தது. செல்மாவைப் போலவே இதையும் ஊடக வரலாற்றின் பெரிய நாள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதற்குப் படம் கிடையாது, அதனால்தானோ என்னவோ கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

கென்டக்கியின் 'லெக்சிங்டன் ஹெரால்ட்-லீடர்', சிவில் உரிமை இயக்கச் செய்திகளைத் தான் வெளியிடத் தவறியதற்கு வருத்தம் தெரிவித்து 2004 ஜூலை 4 அன்று திருத்தம் ஒன்றை அச்சிட்டது. நாற்பது ஆண்டு தாமதம் என்றாலும், பத்திரிகை தன் தவற்றைத் தன் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டது.

தங்களிடம் நான் கேட்பது அதைவிட மிகச் சிறிய திருத்தம். கட்டுரையோடு அச்சிட்டிருந்த, நாய் பாயும் அந்தப் படத்தின் கீழ் எடுத்தவர் பெயர் இல்லை. அவர் அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் பில் ஹட்சன். அடுத்த இதழில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்