பள்ளியிலேயே சேரும் கல்லூரிக் கிரெடிட்: தோழிக்கு ஒரு கடிதம்

ஆஸ்டின்,
பிப்ரவரி 9

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. இங்கே அனைவரும் நலம்.

உன் மகள் நிலா அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில், பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்காகும் டூயல் கிரெடிட் பாடங்கள் மூன்றையும், தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரிக் கிரெடிட் (பாட அலகு) பெறக்கூடிய ஏ.பி. பாடங்கள் இரண்டையும் எடுக்கலாமா, அவற்றால் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தாய். மாணவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பதே என் வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பொதுவாகப் பார்த்தால் ஆய்வுகள் இதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. அமெரிக்கக் கல்வித் துறை 2017இல் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் படிக்கும் 'டூயல் என்ரோல்மென்ட்' முறை பற்றிய தரமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப் படித்தவர்கள் பள்ளியை முடிப்பதும், கல்லூரியில் சேர்வதும், பட்டம் பெறுவதும் கூடுகின்றன என்று கண்டது. ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைகள்தானே இந்தப் பாடங்களை எடுக்கிறார்கள், அவர்கள் எப்படியும் முன்னேறியிருப்பார்களே என்று நீ கேட்கலாம். அது நியாயமான கேள்வி. ஆனால் பள்ளியையும் கல்லூரியையும் ஒன்றாக இணைத்து நடத்தும் 'எர்லி காலேஜ்' பள்ளிகள் சிலவற்றில் இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்ததால் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், இடம் கிடைத்தவர்களே கூடுதலாகப் பட்டம் பெற்றிருந்தார்கள். ஆர்வத்தில் இரு சாராரும் ஒன்றே என்பதால், அந்த வேறுபாட்டுக்குப் படிப்பே காரணம் என்று நம்பலாம்.

என் மேசைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறேன். டெக்சாஸின் தென்கோடியில் உள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு மாணவியின் பெற்றோர் இருவரும் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். பள்ளியில் எடுத்த கல்லூரி ஆங்கிலப் பாடத்தில் முதல் கட்டுரைக்கு 'பி' வாங்கிய அன்றுதான் கல்லூரி தனக்கும் எட்டும் என்று தோன்றியதாக அவள் சொன்னாள். டூயல் கிரெடிட்டின் பெரும்பயன் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கே என்பது என் உறுதியான எண்ணம். நிலா எப்படியும் கல்லூரிக்குப் போகப் போகிறவள். ஆகவே அவள் விஷயத்தில் கணக்கு வேறு.

ஒரு பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, அந்தக் கிரெடிட் பட்டத்துக்குக் கணக்காவது வேறு. பெற்றோர் பலர் இதை அறியாமலே பிள்ளைகளைப் பாடங்களில் சேர்த்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவர் 45 கிரெடிட்டுடன் பொறியியலில் சேர்ந்தார். பட்டத்துக்கு ஏறத்தாழ 120 தேவை என்பதால் இரண்டரை ஆண்டில் முடித்துவிடலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் விருப்பப் பாடங்களாக ஓரமாய் நின்றன; கால்குலஸ், இயற்பியல், அதன்பின் துறைப் பாடங்கள் என்று ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற சங்கிலி எட்டு செமஸ்டருக்கு நீண்டது. அந்தத் தாயின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏ.பி. தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில், அதாவது மதிப்பெண் பதிவில், நிரந்தரமாக நிற்கும். நிலாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை என்கிறாய். இங்கே பட்டப்படிப்புக்குப் பிறகே சேரும் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடுகளும் ஜி.பி.ஏ. எனும் கிரேடு சராசரிக் கணக்கில் சேரும். பதினாறு வயதில் வாங்கிய ஒரு 'சி' இருபத்தோரு வயதில் எதிரே வந்து நிற்பது கொடுமை.

ஆகவே என் யோசனை இது. ஆங்கிலத்தையும் அமெரிக்க வரலாற்றையும் அவள் டூயல் கிரெடிட்டாக எடுக்கட்டும். டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகம் எதுவானாலும் பட்டத்துக்கு 6 கிரெடிட் வரலாறு சட்டப்படி வேண்டும் என்பதால் அது வீணாகாது. உயிரியலையும் வேதியியலையும் ஏ.பி.யாகப் படிக்கட்டும், ஆனால் அந்தக் கிரெடிட்டை வைத்துக் கல்லூரிப் பாடத்தைத் தாண்டிப் போக வேண்டாம், ஏனெனில் சில மருத்துவப் பள்ளிகள், சேரும் முன் முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை. மூன்றாவது டூயல் கிரெடிட் பாடத்தை விட்டுவிடுவதே நல்லது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் எதையாவது அவள் மனத்தில் வைத்திருந்தால் முன்பே சொல். அவற்றுள் பல, பள்ளி வளாகத்தில் படித்த கல்லூரிப் பாடங்களை ஏற்பதில்லை.

பாடத் தேர்வுப் படிவம் மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் பள்ளி தந்த பட்டியலை எனக்கு அனுப்பு. ஞாயிறு மாலை நிலாவையே என்னோடு பேசச் சொல். எந்தப் பாடத்தை அவள் உண்மையில் விரும்புகிறாள் என்று நான் அவளிடமே கேட்க வேண்டும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
மல்லிகா