உள்ளாட்சி சேவை ஒப்பந்ததாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அண்ணன் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். கூட்டம் காலை 10 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். சென்ற ஆண்டு அனுபவத்தால், இதை வாசிக்கத் தொடங்கும் நேரத்தை எழுத ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது; இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) சேரவில்லை. சுதந்திர தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தன. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை ஜூலையில் அழைத்துப் பேச வைத்தோம். அறுபது பேருக்கு டீ சொல்லியிருந்தது, வந்தவர்கள் ஒன்பது பேர். வராதவர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. டெண்டரில் முதலில் தகுதிக் கவரைத் திறப்பார்கள், அதில் தேறியவர்களுக்கு மட்டும் விலைக் கவர். வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒதுக்கிய தொகையையும் எடுத்த மருந்தையும் பதிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. அவர் பேசி முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: மாத்திரையைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. நாம் கொடுப்பது ஆள். நாற்பது பேருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு இருபத்தெட்டு பேர் சாக்கடை அள்ளினால் அதைச் சோதிக்க என்ன இருக்கிறது? வருகைப் பதிவேடுதான். அதை எழுதுவதும் நம் மேஸ்திரிதான்.

இந்த ஆண்டின் முக்கிய வேலையான அடக்க விலைத் தாள் அங்கிருந்து பிறந்ததுதான். அதைப் பற்றி நிறையப் பேச்சு எழுந்ததால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

துப்புரவு, கொசு ஒழிப்பு, குடிநீர்த் தொட்டி பராமரிப்பு எதுவானாலும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் நாம் விலை போடுகிறோம். புரிவதற்காக, ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், அது 65 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 16 ரூபாய் 25 காசு. ஆக 581 ரூபாய் 25 காசு. போனஸ் 8.33 சதவீதம் சேர்த்தால் 622 ரூபாய் 90 காசு. கையுறை, பூட்ஸ், சோப்பு, மேஸ்திரி கூலி, வண்டி டீசல், பில் வரும் வரை கட்டும் வட்டி எதுவும் இன்னும் சேரவில்லை. இதைக் கட்டம் கட்டமாக அடித்து, எழுபத்தோரு உறுப்பினருக்கும் கூரியரில் அனுப்பினேன். செலவு சங்கத்துடையது, இரவு கண் விழித்தது நான்.

அதற்கு அடுத்த மாதமே ஒரு நகராட்சித் துப்புரவு டெண்டரில் நம் உறுப்பினர் ஒருவர் போட்ட விலை, இந்தக் கணக்கின்படி பார்த்தால் 540 ரூபாய்க்குச் சமம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டவே 41 ரூபாய் இடிக்கிறது. அது யார் வயிற்றிலிருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்குப் பிடித்த பி.எஃப். பணம் அவர் கணக்கில் ஏறாது. அல்லது பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர் காகிதத்தில் மட்டும் இருப்பார்கள். கேட்டால், “எல்-1 (குறைந்த விலைக்காரர்) வந்தாகணுமே, வேற என்ன செய்ய?” என்கிறார். அலுவலகத்தில் கேட்டால், குறைந்த விலைக்குக் கொடுக்கத்தான் சட்டம் சொல்கிறது என்கிறார்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சிதான் கொடுத்துவிட்டு நம்மிடம் பிடிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

டெண்டர் படிவத்திலேயே கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றையும் மாற்ற முடியாத தொகையாக அச்சடித்துவிட்டு, சேவைக் கட்டணத்துக்கு மட்டும் போட்டி வையுங்கள் என்று மூன்று மனுக்கள் கொடுத்தேன். மூன்றுக்கும் ‘பெறப்பட்டது’ முத்திரை கிடைத்தது. அப்படியே வைத்தாலும் சேவைக் கட்டணம் பூஜ்யம் என்று போடுகிறவர் நம்மிலேயே இருப்பார், அது வேறு கதை.

இதற்குள் ஒரு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. சங்கம் சிண்டிகேட் நடத்துகிறது, செயலாளர் விலை நிர்ணயம் செய்து அனுப்புகிறார் என்று. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3-ன்படி டெண்டரில் கூடிப் பேசி விலை வைக்கத் தடை என்று எனக்குத் தெரியாதா? தாளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அதில் ‘லாபம்’ என்ற கட்டமும் ‘போடும் விலை’ என்ற கட்டமும் காலியாக இருக்கும். யார் என்ன போட வேண்டும் என்று நான் யாரிடமும் பேசியதில்லை. கடுதாசியின் கையெழுத்து பழக்கப்பட்டதுதான், போகட்டும்.

டெண்டர் உதவி மேசையும் இந்த ஆண்டு தொடங்கினோம். ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர். பிரவுசிங் சென்டரில் டி.எஸ்.சி. டோக்கனையும் (ஆன்லைன் டெண்டருக்கான டிஜிட்டல் கையெழுத்து) பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கத்தை நிறுத்தத்தான் இது. மேசையைப் பயன்படுத்தியவர்கள் பதினோரு பேர். ஒருவர் 3 மணிக்கு முடிகிற டெண்டருக்கு 2:40-க்கு வந்து டோக்கனைச் செருகினார். அது முந்தைய வாரமே காலாவதியாகியிருந்தது. திட்டு எனக்கு விழுந்தது.

1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழான விதிகளில் 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் குறைக்க வேண்டும். ஏழு நாள் மட்டும் கொடுத்த ஓர் அறிவிப்பைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினோம், தேதி நீட்டிக்கப்பட்டது. இது சங்கத்தின் வெற்றி; ஆனால் பலன் அடைந்த எவரும் போன்கூடச் செய்யவில்லை. இன்னொருவர் தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று பன்னிரண்டாம் நாள் வந்தார். உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் மேல்முறையீடு. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்! கூட்டத்துக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நிலுவை பில்கள் விஷயம். சிறு, குறு நிறுவனமாகப் பதிந்தவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்படி மனுப் போடலாம் என்று அழைத்தேன். பதினாறு பேர் தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டவர் ஒருவர். மற்றவர்களுக்கு நாளைக்கு அதே ஆபீஸில் முகம் பார்க்க வேண்டுமே என்ற கவலை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் செயலாளர் தன் பில்லுக்காகச் சங்க லெட்டர்பேடைப் பயன்படுத்துகிறார் என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஒருவர் நான்தான். மறைக்கவில்லை. சேர்ந்து வந்திருந்தால் என்னையும் சேர்த்துப் பதினேழு பேருக்கும் ஒரே கட்டாக மனு போயிருக்கும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாக இருக்கின்றன. லேப்டாப் வாங்கியதில் சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுக்க நேர்ந்தது. விரிவான கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. மகள் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போயிருப்பதால் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்.

சந்தா ஆண்டுக்கு 1,200 ரூபாய், அதாவது மாதம் 100. கட்டியவர்கள் இருபத்தாறு பேர். மூன்றாண்டு பாக்கி வைத்தவர்கள் பதினான்கு பேர், அவர்களில் இருவர் சென்ற ஆண்டு புது டாடா ஏஸ் எடுத்திருக்கிறார்கள். பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. நோட்டு மேசைமேல் விரித்துத்தான் இருக்கிறது.

கூட்ட அரங்கைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், துணைத்தலைவர் அண்ணனுக்கும், தணிக்கையாளருக்கும், மேசையைக் கவனித்துக்கொண்ட தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 2000-ல் ஓனிக்ஸ் என்ற தனியார் துப்புரவு நிறுவனம் வந்தபோது மூன்று மண்டலம்தான் தனியாரிடம் போனது. 2020-ல் மண்டலக் கணக்கில் பெரிய பேக்கேஜாக, செயல்திறனை அளந்து பணம் என்று போட்டார்கள். நம் ஊரிலும் வார்டு வார்டாக இருப்பதைச் சேர்த்து ஒரே பேக்கேஜ் ஆக்கினால், நம்மில் யாருக்கும் தனியாக அதைத் தாங்கும் டர்ன்ஓவர் கிடையாது. ஐந்தாறு பேர் சேர்ந்து முறையாகப் பதிவு செய்து போட்டால்தான் உள்ளே நுழையலாம். அதற்கு ஒருவர் கணக்கை ஒருவர் காட்ட வேண்டியிருக்கும். பி.எஃப். செலான் உட்பட.

எனக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது, வீட்டிலும் போதும் என்கிறார்கள். செயலாளர் பதவிக்கு வேட்புமனு வாங்க விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்; சென்ற முறை படிவத்தை ஐந்து பிரதி எடுத்து வைத்தேன், ஐந்தும் அலமாரியில் இருக்கின்றன. யாரும் வரவில்லையானால் என்ன செய்வது என்று தலைவர் சொல்லட்டும்.

மதியச் சாப்பாடு பின்பக்க ஹாலில். பொருளாளரின் தம்பி ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பார், ஜி.பே.யும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்