ஈராசிரியர் பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியர் கோரி மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்.

பொருள்: மகப்பேறு விடுப்பில் உள்ள இடைநிலை ஆசிரியைக்குப் பதிலாகத் தற்காலிக ஆசிரியர் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகள். தலைமை ஆசிரியரையும் சேர்த்து ஆசிரியர்கள் இருவரே. இடைநிலை ஆசிரியை 12 மாத மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். அது அவருடைய உரிமை. பிள்ளை பெற்ற தாய்மார்களாகிய எங்களுக்கு அதில் முழு மகிழ்ச்சி. ஆனால் அவர் இடத்துக்கு ஆள் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர் வந்தார். அவருடைய பள்ளியும் ஈராசிரியர் பள்ளி என்பதால் சில நாட்களில் திரும்பிவிட்டார்.

இப்போது ஐந்து வகுப்பும் ஒரே அறையில். கரும்பலகையின் ஒரு பாதியில் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார் தலைமை ஆசிரியர். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தர வேண்டியதும் அவரே. அதற்குள் ஏதாவது விவரத்தை உடனே பதிவேற்றச் சொல்லிக் கைப்பேசி அழைக்கிறது. கூட்டம், பயிற்சி என்று அவர் வெளியே போனால் வகுப்பே இல்லை. காய்ச்சலோடும் வருகிறார், அவரும் மனிதர்தானே ஐயா.

60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புக்கு இருவர் என்பதே போதாது என்பது எங்கள் எண்ணம். அந்த இருவர்கூட இல்லையென்றால் எப்படி? அதே சட்டம் சொல்லும் 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏட்டில் மட்டுமே கிடைக்கும்.

சில பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் நாளை இருக்கும் பணியிடமும் உபரி என்று ஆகிவிடுமோ என அஞ்சுகிறோம்.

காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு 2022-இல் வழி செய்தது. நீண்ட விடுப்பில் ஆசிரியர் உள்ள ஈராசிரியர் பள்ளிகளுக்கும் அதே வழியைத் திறக்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம். அதுவரை, ஆசிரியர் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை விடுப்பு முடியும்வரை மாற்றுப்பணியில் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: குழுத் தீர்மான நகல்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்