அர இஞ்சி டீ நாலு

கும்பகோணம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சிவராமா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம். முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகாது. நம் இரும்புச் சாமான் கடைக்குக் காலையில் ஒரு நடை போய் வருகிறேன். கல்லா இப்போது பையன் கையில்.

அங்கே நடந்த கூத்தைக் கேள். புதிதாக ஒரு பொடியனைச் சேர்த்திருக்கிறோம். ஒரு பிளம்பர், கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடியே "தம்பி, அர இஞ்சி டீ நாலு" என்று குரல் கொடுத்தார். பொடியன் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் நாலு டீயோடு வந்து நிற்கிறான். "அரன்னு சொன்னாரு, அதான் பாதிப் பாதியா வாங்கினேன். இஞ்சி தூக்கலாப் போடச் சொன்னேன்ணே" என்கிறான். குழாய்களை இணைக்கிற அரை இன்ச் பி.வி.சி. டீ கேட்டு வந்த மனுஷன் என்ன செய்வார்? ஒன்றை வாங்கிக் குடித்தார்.

பையன் சிரித்து ஓய்ந்ததும், "அப்பா, இங்கிலீஷ்காரன் இதை எப்பவோ நாடகமாப் போட்டுட்டான்" என்று போனில் ஒன்றைக் காட்டினான். 1976இல் பி.பி.சி.யில் வந்தது. நிகழ்ச்சியின் பெயர் 'தி டூ ரோனிஸ்'. ரோனி பார்க்கர், ரோனி கார்பெட் என்று இரண்டு பேர். கார்பெட் ஐந்தடி ஓரங்குலம், பார்க்கர் நல்ல பருமன். நம் கடை மாதிரியே ஒரு இரும்புச் சாமான் கடை. பார்க்கர் உள்ளே வந்து 'ஃபோர் கேண்டில்ஸ்' கேட்கிறார். கடைக்காரர் கார்பெட் நாலு மெழுகுவத்தியை எடுத்து வைக்கிறார். வந்தவருக்கு வேண்டியதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', தோட்டம் கிளறும் முள்வாரிக்குப் பிடி. அவர் வாயில் 'ஹ' வராது, அதுதான் வினை. பிறகு 'ஓஸ்' என்கிறார். களைக்கொத்தா ('ஹோ'), தண்ணீர்க் குழாயா ('ஹோஸ்') என்று கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டிக் களைத்த பிறகு, வாசல் கதவில் பெயர் பொறிக்கிற ஓ என்ற எழுத்தாம்! அதைக் கொடுத்து முடித்ததும் 'பீஸ்' கேட்கிறார். இந்த முறை ஏமாற மாட்டேன் என்று பி எழுத்தை எடுத்துவந்தால், அது பட்டாணி டின்.

எனக்குச் சிலேடையைவிடக் கார்பெட்டின் முகம்தான் பிடித்தது. தாடை இறுகிக்கொண்டே போகிறது. நாற்பது வருஷம் அந்தப் பக்கம் நின்றவனுக்குத்தான் தெரியும் அந்த இறுக்கம்.

அந்த ஓரங்க நாடகத்தை எழுதியவரும் பார்க்கர்தான். அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க உன் ஞாபகம்தான். காரணம் இருக்கிறது. 1929இல் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தவர். நாடகத்துக்குப் போகுமுன் உன்னைப் போலவே வங்கிக் குமாஸ்தா. அதுகூடப் பெரிதில்லை. 1960களின் கடைசியில் டேவிட் ஃப்ராஸ்ட் என்பவரின் டி.வி. நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டிருந்தபோது, ஜெரால்ட் வைலி என்ற பெயரில் யாரோ ஒருவரிடமிருந்து நகைச்சுவைத் துணுக்குகள் வர ஆரம்பித்தன. யார் இந்த வைலி என்று ஒரே பேச்சு. பெரிய நாடகாசிரியர் ஒருவர் ஒளிந்து எழுதுகிறார் என்றுகூடச் சொன்னார்கள். பார்க்கரும் கூடவே உட்கார்ந்து, 'இது அவ்வளவு சரியில்லையே' என்று வைலியைக் குறை சொல்வாராம். கார்பெட்டுக்கு அதில் ஒன்று மிகவும் பிடித்துப்போய் உரிமையை விலைக்குக் கேட்க, முதலில் 3,000 பவுண்டு என்று பதில்; பிறகு இனாமாகவே வந்தது. நெகிழ்ந்துபோன கார்பெட், வைலிக்குக் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கி அனுப்பினார். கடைசியில் ஒரு சீன உணவகத்தில் எல்லோரையும் கூட்டிவைத்து, பார்க்கர் எழுந்து நின்று 'நான்தான் வைலி' என்றார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. தான் நடிப்பதால்தான் தன் எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம்.

கூச்ச சுபாவி. வேஷம் போட்டால் எதுவும் செய்வார், தானாக நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் திணறுவார். 'போரிட்ஜ்' தொடரில் பழம் தின்று கொட்டை போட்ட சிறைக்கைதியாக வருகிறார். 'ஓப்பன் ஆல் ஹவர்ஸ்' தொடரில் திக்குவாய்க் கஞ்ச மளிகைக்கடைக்காரர். அதில் ஒரு கல்லாப்பெட்டி வரும், நீ பார்க்கணும்! பணம் எடுக்கிற விரலைக் கடிக்கும். அவரே அதைக் கண்டு பயந்து பயந்துதான் கை விடுவார்.

1987 முடிவில், 58 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே போதும் என்று நிறுத்திக்கொண்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சிப்பிங் நார்ட்டன் என்ற சிற்றூரில் மனைவி ஜாயோடு பழம்பொருள் கடை போட்டார்! அங்கே போய் நாலு மெழுகுவத்தி கேட்காதவன் எவனாவது இருந்திருப்பானா? நம் பொடியன் கதை அவருக்குத் தெரிந்திருந்தால் என்று ஒரு நப்பாசை. ஏனென்றால் 2002இல் திரும்ப நடிக்க வந்து சர்ச்சிலின் பணியாளாக ஒரு வேஷம் போட்டார், அந்தப் பாத்திரத்தின் பெயர் என்ன என்கிறாய்? இஞ்சஸ்!

2005 அக்டோபரில் காலமானார். மறு வருஷம் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் நினைவு வழிபாடு. ஊர்வலத்தில் வழக்கமாக இரண்டு மெழுகுவத்திதான் ஏந்திப்போவார்கள். அன்று நாலு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். 1983ஓ 84ஓ, வாசகசாலையில் ஒரு வாரப் பத்திரிகையை விரித்து, 'கோமதிதாசன்னு ஒருத்தன் எழுதியிருக்கான், எப்படிடா இருக்கு?' என்று கேட்டாய். நான் 'குப்பை' என்றேன். நீயும் 'ஆமாண்டா, குப்பைதான்' என்று தலையாட்டினாய். கோமதி உன் அம்மா பெயர் என்பது எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆனது. கேட்கக் கூச்சமாக இருந்தது, இப்போது கேட்கிறேன். அந்தத் துணுக்குகளை வெட்டி ஒட்டிய நோட்டு இன்னும் இருக்கிறதா? தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா. வீட்டில் உனக்கென்று அதிரசம் தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்கும் வா, ஆனால் பொடியனிடம் டீ சொல்லும்போது அளவு சொல்லாதே.

அன்புடன்,
செல்லப்பா