கண்ணைப் பார்த்துப் பேசாத பெண்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ரங்கா,

இங்கு அனைவரும் நலம். அப்பாவின் மூட்டுவலிதான் விட்டபாடில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்ன சேதி மனத்தை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்த தேவனாம்பட்டினத்துப் பெண், கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லியும், சான்றிதழ்க் கோப்பின் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகத் தலைகுனிந்தே இருந்ததால், எதையோ மறைக்கிறாள் என்று முடிவுகட்டி அனுப்பிவிட்டீர்களாம். பேச்சில் 93 விழுக்காடு உடல்மொழியும் குரலும்தான் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் உன்னை மறுபடியும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்! 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் வெளியிட்ட சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் கேட்கவைத்தும், முகப்படங்களைக் காட்டியும், சொல்பவருக்கு விருப்பா வெறுப்பா என்று எதை வைத்து ஊகிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அரைமணி நேர நேர்காணலுக்கு அது எப்படிப் பொருந்தும்?

பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1993இல் உளவியலாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசந்தாலும், ஓர் ஆசிரியருக்குப் பத்து விநாடித் துண்டுகள் மூன்று வீதம், ஒலியை நீக்கிய வகுப்பறைக் காட்சிகளை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் தந்த மதிப்பீடு, பருவ முடிவில் மாணவர்களே தந்ததோடு பெரிதும் ஒத்துப்போனது. உடனே துள்ளாதே. மாணவர்களுக்கு ஆசிரியரைப் பிடித்திருந்தது என்றுதான் அது சொல்கிறது. பாடம் மண்டையில் ஏறியதா என்று சொல்லவில்லை. மேலும், அவர்கள் பார்த்தது பாடம் நடத்தும் ஆசிரியரை. நீங்கள் பார்த்தது, மேசைக்கு அந்தப்பக்கம் தனியாக உட்கார்ந்து பயந்துபோயிருந்த ஒரு பெண்ணை.

பொய்யன் கண்ணைப் பார்க்கமாட்டான் என்ற நம்பிக்கை பல நாடுகளிலும் உண்டு. ஆனால் பொய்யையும் மெய்யையும் பிரித்தறியச் சொன்ன ஆய்வுகளை 2006இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். நம் வீடுகளிலோ பெரியவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேசினால் திமிர் என்போம். அப்படி வளர்ந்தவள் நாலு பெரியவர்கள் முன்னால் வேறெப்படி உட்காருவாள், ரங்கா? அவள் வீட்டில் முதல் பட்டதாரி என்று நீதானே சொன்னாய்?

ஜூனில் இன்னோர் இடம் காலியாகிறது என்றாயே, அவளைக் கூப்பிடு. எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் எடுக்கவிடுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன்பே மதிப்பெண்ணைத் தனித்தனியே எழுதிவிடுங்கள். அதன்பிறகும் வேண்டாமென்றால் நான் வாய் திறக்கமாட்டேன்.

செல்விக்கு என் அன்பைச் சொல். பதில் போடு.

உன்,
குமரேசன்