கண் பிடுங்கிய கதையும் நோவ்கோரத் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ரஷ்ய மன்னர் நான்காம் இவானைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாஸ்கோவின் புனித பசில் தேவாலயத்தைக் கட்டியவர்களின் கண்களை இவான் பிடுங்கிய கதைக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருக்கிறார் கட்டுரையாளர். அதற்கு அக்காலச் சான்று ஏதும் இல்லை. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினார் என்பார்களே, அந்த ரகம். சான்றோடு இருக்கும் கொடுமைகளுக்கோ, ‘சில கடுமையான நடவடிக்கைகள்’ என்று ஒரே வரி!

அந்த நடவடிக்கைகளில் ஒன்றைச் சொல்கிறேன். ரஷ்யாவின் நோவ்கோரத் நகரம் எதிரியோடு சேரப் பார்க்கிறது என்ற சந்தேகத்தில், 1570 ஜனவரியில் இவான் ‘ஒப்ரிச்னிக்’ எனப்பட்ட தம் தனிப்படையோடு அங்கே போனார். கறுப்பு உடையும், குதிரையில் கட்டிய நாய்த்தலையும் துடைப்பமும் அந்தப் படையின் அடையாளங்கள். வாரக்கணக்கில் கொலை நடந்தது. உறைபனிக் காலத்து வோல்கோவ் ஆற்றில் பெண்களையும் குழந்தைகளையும்கூடத் தள்ளினார்கள். இது எதிரிகள் கட்டிவிட்ட கதை என்பவர்கள் இவானின் ஆவணத்தையே பார்க்கலாம். தம் கடைசி ஆண்டுகளில், தம் ஆணையால் மாண்டவர்களின் பட்டியலைத் தொகுக்கச் செய்து, அவர்களுக்காகப் பிரார்த்திக்கும்படி மடங்களுக்குப் பணத்தோடு அனுப்பினார். நோவ்கோரத்தில் தளபதி மல்யூதா ஸ்குராத்தவ் தீர்த்துக்கட்டியவர்கள் 1,490 பேர், துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் 15 பேர் என்று அதில் இருக்கிறது. களத்து நெல்லுக்குக் கணக்கெழுதும் கணக்குப்பிள்ளையின் கைதான் அது. பெயர் தெரியாதவர்களுக்கு, ‘ஆண்டவரே, இவர்கள் பெயர்களை நீர் அறிவீர்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நாட்டை வலுப்படுத்தவே இத்தனையும் என்கிறது கட்டுரை. 1550 சட்டத்தொகுப்பு, கசான், அஸ்திரகான் என்ற தாத்தாரிய அரசுகளை 1552 இலும் 1556 இலும் வென்றது எல்லாம் அந்தப் படை 1565 இல் பிறப்பதற்கு முந்தியவை. 1571 இல் கிரீமிய கான் தெவ்லெத் கிராய் மாஸ்கோவை எரித்தபோது இந்தச் சூரர்களால் தடுக்க முடியவில்லை. மறு ஆண்டே இவான் படையைக் கலைத்தார். பால்டிக் கடற்கரைப் பகுதிக்காக இருபத்தைந்து ஆண்டு இழுத்த லிவோனியப் போரும் கையில் எதையும் தராமல் 1583 இல் முடிந்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் கண் பிடுங்கிய கதைக்கு ஒரு திருத்தமும் நோவ்கோரத்துக்கு ஒரு பத்தியும் இடம்பெறச் செய்யுங்கள். இடம் போதாவிட்டால் மன்னரின் மனைவியர் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
விருதுநகர்