எதிர்ப்பக்க நிறுத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்றோடு ஓராண்டு ஆகிறது. எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் மருத்துவர் சொன்னதையும், அன்றிரவு கார் சாவி மேசைமேல் வந்து விழுந்ததையும் நான் மறுபடி எழுதப் போவதில்லை. அண்ணி இதன் எழுத்துகளைப் பெரிதாக்கி உங்கள் கையில் கொடுப்பதற்குள் உறவினர்களில் பாதிப் பேர் படித்து முடித்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சில இடங்களைத் தொட்டும் தொடாமலும்தான் எழுத முடியும். அந்த இடங்கள் எவை என்பது உங்களுக்குப் புரியும்.

ஆறு வாரங்களாக நான் பேருந்தில் போய்வருகிறேன். மருந்து, வங்கி, தபால், நூலகம் என்று எதற்கும் காரை எடுப்பதில்லை. இதை ஒரு கொள்கை என்று எண்ணி யாராவது பாராட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: பழுதுபார்க்கப் போன கார் மூன்று வாரங்கள் திரும்பவில்லை, எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் அதை ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"வாசலில் இறங்கினால் பேருந்து, அப்பா. அதில் போய்வர என்ன கஷ்டம்?" என்று அன்று கேட்டேன். நானே பேருந்தில் ஏறி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தெரியாத ஒன்றை அவ்வளவு எளிது என்று சொல்ல எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ!

காரில் போகும்போது வேலைகளுக்கு வரிசை தேவைப்படுவதில்லை. ஒன்றை மறந்தால் மறுபடி போய்க்கொள்ளலாம். பேருந்தில் போகிறவர் வீட்டைவிட்டு இறங்கும் முன்பே எல்லாவற்றையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. முதலில் அடைக்கும் கதவு எது, கனமான பொருளை எந்த நிறுத்தத்தில் வாங்கினால் குறைந்த தூரம் சுமக்கலாம், மழை வந்தால் எந்த நிறுத்தத்துக்குக் கூரை இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இரண்டு கைகள் தாங்குவதற்கு மேல் எதையும் வாங்க முடியாது என்பதை முதல் வாரத்திலேயே தோள்வலி கற்றுக்கொடுத்துவிட்டது.

காத்திருப்பதுதான் பெரிய வேலை. உங்களுக்குப் பிடித்தமான ஒரு கணக்கை அங்கே நின்றபடியே போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று பலகை சொன்னால், நினைத்த நேரத்தில் போய் நிற்பவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் பேருந்துகள் 20, 20 என்று வருவதில்லை. 35 நிமிடம் கழித்து ஒன்று வருகிறது, அடுத்தது 5 நிமிடத்தில் அதன் முதுகிலேயே வந்து நிற்கிறது. சராசரி இடைவெளி இப்போதும் 20தான். ஆனால் எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான் போய் மாட்டிக்கொள்வார்கள். காத்திருப்பின் சராசரி 15 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. சற்றே தாமதமாகும் பேருந்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கூட்டம் ஏற ஏற அது மேலும் தாமதமாகிறது. பின்னால் வருவதற்கோ ஆள் குறைந்துகொண்டே போவதால் அது விரைந்து வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. இதில் ஓட்டுநர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை நீங்கள் வகுப்பில் நடத்தியிருந்தால் எவ்வளவு அழகாக நடத்தியிருப்பீர்கள்!

நீங்கள் எனக்குப் பாஸ்கல் முக்கோணம் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல்தான் நகரப் பேருந்துக்கும் முன்னோடி என்று ஏனோ சொல்லவில்லை. 1662 மார்ச்சில் பாரிஸ் நகரில் குறித்த தடத்தில், குறித்த நேரத்தில் ஓடும் குதிரைவண்டிகளை அவரும் நண்பர்களும் தொடங்கினார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி நேரத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். படைவீரர்களும் பணியாட்களும் அந்த வண்டிகளில் ஏறக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. எல்லோருக்கும் என்று சொல்லி ஓடும் வண்டியில் யாரோ சிலருக்கு மட்டும் எப்போதும் இடமில்லாமல் போய்விடுகிறது போலும்.

நான் எதைத் தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று நீங்கள் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனீர்கள். சாவியைக் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மதியம் போனவர் இருட்டும் வரை வரவில்லை. நான் பதினொரு முறை அழைத்தும் நீங்கள் எடுக்கவில்லை. உங்கள் காரை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடிப் புறப்பட்டேன். நூலகத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிறுத்தத்தில், சிறிய மதில் திட்டின்மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். காரை நிறுத்திவிட்டு இறங்கி, அங்கே நின்றிருந்தவர்கள் முன்னிலையில், "ஒரு பேருந்தில் ஏறி இறங்கக்கூடத் தெரியாதா?" என்று கேட்டேன். ஒரு பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள், "காற்று நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்" என்றீர்கள். பிறகு காரில் ஏறி, பழக்கத்தில் இருக்கைவார் (சீட் பெல்ட்) இருக்கும் பக்கம் தவறிப்போய், என் பக்கத்து இருக்கையில் எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று ஒரு கணம் திகைத்தீர்கள். அந்த இருக்கையில் நீங்கள் உட்கார்ந்ததே இல்லை.

நான்கு வாரங்களுக்கு முன் அதே நூலகத்துக்கு நானும் பேருந்தில் போனேன். வேலை முடிந்ததும் சாலையைக் கடந்து, இறங்கிய இடத்துக்கு நேர் எதிரே போய் நின்றேன். வேறு எங்கே நிற்பார்கள்? ஐம்பது நிமிடம் நின்றேன். வேறு எண்ணுள்ள பேருந்துகள் வந்தன, நம் எண் வரவில்லை. பள்ளிப் பையன் ஒருவன்தான் சொன்னான்: அந்தச் சாலையின் ஒரு பகுதி ஒருவழிப் பாதை, நம் பேருந்து திரும்பும்போது பின்தெரு வழியாகத்தான் போகும், நிறுத்தம் அங்கே இருக்கிறது. அதைச் சொல்லும் பலகை எங்குமே இல்லை. நான் சுற்றிச் சுற்றித் தேடினேன்.

அந்த மதில் திட்டில் நானும் சிறிது நேரம் உட்கார்ந்தேன், அப்பா. காற்று ஒன்றும் அவ்வளவு நன்றாக இல்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டேன், ஆகவே இதையும் பத்துப் பேர் பார்க்கும்படியே எழுதுகிறேன். ஆனால் நீங்கள் ஏன் ஒருவரிடம்கூட வழி கேட்கவில்லை? ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை? நாற்பது ஆண்டுகள் மற்றவர்களுக்கு விடை சொல்லியே பழகியவருக்கு ஒரு சிறுவனிடம் கேள்வி கேட்க அவ்வளவு கூச்சமா? அதன்பிறகு நீங்கள் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. உங்கள் மருந்தும், உங்கள் கண்ணாடியும், உங்கள் தபாலும் என் தலையில் விழுந்தன. நான் முகம் சுளித்ததை மட்டும் நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். இதை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

கார் இப்போது யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று பேசப்படுவது என் காதுக்கும் வருகிறது. அதற்கு விடையாக ஒன்று மட்டும் சொல்கிறேன்: அதை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். பதிவு உங்கள் பெயரில் இருப்பதால் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும், பணமும் உங்களுடையதுதான். எனக்கு அது வேண்டியதில்லை. அவசரத்துக்கு வாடகை வண்டி இருக்கிறது, மற்ற நாட்களுக்கு அந்த 35 நிமிடம் இருக்கிறது. விற்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் நீங்களே சொல்லுங்கள், அண்ணன் வழியாக வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அன்று நீங்கள் போட்டிருந்த சட்டையைத் துவைக்கும்போது பையில் மூன்று பயணச்சீட்டுகள் இருந்தன. நனைந்து கூழாகிவிட்டதால் எண்கள் தெரியவில்லை. அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன். நூலகத்துக்குப் போனதற்கு ஒன்று. வீட்டுக்கு என்னோடு காரில் வந்தீர்கள். அப்படியானால் மற்ற இரண்டும் எங்கே போய் எங்கிருந்து திரும்பி வந்ததற்கு, அப்பா?

உங்கள் மகள்